கடைசி நேரத்தில் ஒரு பாட்டுச் சேர்ப்பது எப்படி?

தெல்லிப்பழையிலிருந்து ஓர் அனிமேஷன் படம் எடுக்க வெளிக்கிட்டிருக்கிறீர்கள். நல்ல காரியம். கதையும் பக்கத்திலேயே கிடந்தது: குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கடல் கடந்து வந்து, கீரிமலைக் கேணியில் நீராடி, முகம் மாறி, மாவிட்டபுரத்தில் கந்தசுவாமிக்குக் கோயில் எடுத்த கதை. சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து கீறக்கூடிய தூரம். பிளெண்டர் மென்பொருள் இலவசம். ஆட்களைக் கையால் கீறலாம், கேணியையும் கடலையும் முப்பரிமாணத்தில் செய்யலாம். கீறத் தெரிந்த நாலு பிள்ளைகளும் அகப்பட்டுவிட்டார்கள்.

குறை ஒன்றுதான். படத்தை எப்படிக் குழப்புவது என்பதில் நம்மவர்களிடம் ஒழுங்கு இல்லை. ஆளாளுக்குத் தங்களுக்கு வந்தபடி குழப்புகிறார்கள். நீங்களும் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள், தெரியும். இனி முறையாகச் செய்யுங்கோ.

1. பாட்டே இல்லை என்று அறிவியுங்கோ

பூசை போட்ட அன்றைக்கே அறிவியுங்கோ. "இது வழமையான படம் இல்லை, பாட்டு இல்லாத படம்" என்று பேஸ்புக்கில் போட்டால் இருநூறு பேர் மெச்சுவார்கள். அதைவிடப் பெரிய பயன், குழு அதை நம்பிக் கீறத் தொடங்கிவிடும்.

இதன் அருமை விளங்க வேண்டுமென்றால் தொழில் கொஞ்சம் தெரிய வேண்டும். அனிமேஷனில் சத்தம் முந்தி, படம் பிந்தி. பாட்டையும் வசனத்தையும் முதலில் ஒலிப்பதிவு செய்வார்கள். பிறகு அதைப் பிரேம் பிரேமாகப் பிரித்து, எந்த எழுத்து எத்தனையாவது பிரேமில் விழுகிறது, தாளம் எங்கே தட்டுகிறது என்று நீளத் தாளொன்றில் குறித்துக்கொள்வார்கள். அந்தத் தாளின்படிதான் வாய் திறக்கும், கால் எழும்பும், கண் வெட்டும். செக்கனுக்கு 24 பிரேம். நாலு நிமிடப் பாட்டுக்கு 5,760. இரண்டு பிரேமுக்கு ஒரு படம் என்று சிக்கனம் பிடித்தாலும் ஒரு பாத்திரத்துக்கு மட்டும் 2,880 படம்.

இந்தக் கணக்கை மனப்பாடம் செய்யுங்கோ. தெரிந்தால்தான் ஒருவருக்கும் சொல்லாமல் இருக்கலாம்.

2. முக்கால்வாசி முடியும் வரை பொறுங்கோ

அவசரப்படாதேங்கோ. கதையைத் தாளில் சித்திரமாக அடுக்கும் ஸ்டோரிபோர்ட் நிலையில் பாட்டுக் கேட்டால் நாலு தாளைக் கிழித்துவிட்டுச் சேர்த்துவிடுவார்கள். நட்டம் வராது. இளவரசி கப்பலால் இறங்கி, முனிவரைக் கண்டு, கேணிப் படியில் கால் வைக்கிற காட்சி நிறம் பூசி முடியட்டும். அப்போது சொல்லுங்கோ: "இந்த இடத்திலை ஒரு பாட்டு வந்தால் என்ன மாதிரி இருக்கும்!"

கேள்விக்குறி போடாதேங்கோ.

3. மாமாவை அழையுங்கோ

பணம் போட்டவர் ரொறொன்ரோவில் இருக்கிறார். எல்லாக் குழுவுக்கும் அங்கே ஒரு மாமா இருக்கிறார். அவருக்கு ஒரு மகள். சங்கீதம் படித்து அரங்கேற்றமும் முடித்தவர். வட இலங்கைச் சங்கீத சபையின் ஆசிரியர் தரத்துக்கு அது சமம் என்று இங்கே இருக்கிற அம்மம்மா சொல்கிறார். மாமா தானாகக் கேட்கமாட்டார், கௌரவமான மனிதர். வட்ஸ்அப்பில் நீங்கள்தான் தொடங்கவேணும்: "மாமா, படத்திலை ஒரு இடம் வெறுமையாக் கிடக்குது. பிள்ளை பாடினா நல்லா இருக்கும்."

"ஐயோ தம்பி, அவளுக்கு நேரம் இல்லை" என்பார். ஐந்து நிமிடத்தில் குரல்பதிவு வந்துவிடும். ஏற்கனவே பாடி வைத்தது.

அந்தக் குரல்பதிவையே படத்துக்கு எடுங்கோ. வட்ஸ்அப் குரலை நெரித்து அனுப்பும். மெல்லிய கமகமெல்லாம் வழியில் உதிர்ந்துவிடும். பரவாயில்லை. கூட ஒரு கோரஸ் வேண்டுமென்றால் தெல்லிப்பழையில் பதிவு செய்யுங்கோ, ஆவணி மாதம் பார்த்துச் செய்யுங்கோ. துர்க்கை அம்மன் கோயில் திருவிழா நடக்கும். கோரஸுக்குப் பின்னால் தவிலும், காணாமல் போன சிறுவனைத் தேடும் ஒலிபெருக்கி அறிவித்தலும் இலவசமாக விழும்.

4. மேடை நாடகத்தை உதாரணம் காட்டுங்கோ

குழுவில் ஒரு பிள்ளை கணக்குப் பார்க்கிறவளாக இருப்பாள். "அண்ணை, இப்ப பாட்டுப் போட்டா அந்தக் காட்சி முழுக்கத் திருப்பிக் கீறவேணும். உள்ள படத்துக்குத் தாளமே இல்லை" என்பாள். அவள் சொல்வது முழுக்கச் சரி. ஆகவே வாதத்துக்குப் போகாதேங்கோ, மரபுக்குப் போங்கோ.

"தங்கச்சி, எங்கட மண் நடிகமணி வைரமுத்துவின்ர மண். மயான காண்டத்திலை சனம் விடிய விடிய இருந்து பாட்டுக் கேட்டது. 'வன்ஸ் மோர்' எண்டால் மேடையிலை இன்னொருக்காப் பாடுவினம். ஆரும் முகம் சுழிச்சதோ?" (கவிஞர் வைரமுத்துவைக் குறித்து அவள் ஏதும் கேட்டால் காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து என்று திருத்துங்கோ. அந்தத் திருத்தத்தில் இரண்டு நிமிடம் போய்விடும், கேள்வி மறந்துவிடும்.)

மேடையில் பாடுகிறவர் இழுத்தால் ஆர்மோனியக்காரரும் கூடவே இழுப்பார், மிருதங்கக்காரர் ஒரு ஆவர்த்தனம் கூட வாசிப்பார், எல்லாரும் அதே இடத்தில் மூச்சோடு இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாதேங்கோ. கீறி முடித்த இளவரசி ஒரு பிரேமும் கூட இழுக்கமாட்டாள் என்பதையும் சொல்லாதேங்கோ. அனிமேஷனில் பாட்டுத்தான் அத்திவாரம். நீங்கள் குடிபூரல் முடிந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டச் சொல்கிறீர்கள். இதை அவள் தானே கண்டுபிடிக்கட்டும்.

5. பாட்டை மிகக் கடினமான இடத்தில் செருகுங்கோ

எங்கே? இளவரசி குதிரை முகத்தோடு இருக்கும் இடத்தில். மனித வாய்க்கு ஆ, ஈ, ஊ, மூடிய உதடு என்று ஒரு தொகுதி வாய் வடிவங்களைக் கீறி வைத்திருப்பார்கள். குதிரை மூஞ்சிக்கு அப்படி ஒன்றும் இராது, ஏனென்றால் முதற்கட்டத் திட்டப்படி முகம் மாறும் வரை அவள் பேசவே மாட்டாள். நல்ல யோசனை அது. அதனால்தான் அதை உடைக்கவேணும்.

புது வாய்களைக் கீறி முடித்த பிறகு மாமாவுக்குக் காட்டுங்கோ. அவர் சொல்வார்: "தம்பி, என்ர மகளின்ர குரல் குதிரை வாயாலையோ வருது?"

நியாயமான கேள்வி. உடனே கனவுப் பாட்டாக்குங்கோ. கனவில் அவளுக்கு மனித முகம் இருக்கும், பின்னால் பனிமலையும் இருக்கும். படம் முழுக்க முகம் எப்போது மாறும் என்று சனம் காத்திருக்க, நீங்கள் பதினைந்து நிமிடம் முன்னதாகவே அந்த முகத்தைக் காட்டிவிடுகிறீர்கள். கீரிமலைக் காட்சிக்கு இனி வேலையில்லை. கதையின் உச்சத்தை ஒரே பாட்டால் எடுத்துவிட்டீர்கள். தொடக்கநிலைக்காரருக்கு இது லேசில் வராது.

6. உதடு கீறி முடிந்த பிறகு வரியை மாற்றுங்கோ

முதல் வரியில் "அம்மா" என்று இருந்தால் இரண்டு உதடும் ஒரு இடத்தில் கட்டாயம் மூடும். மூடிய உதட்டைக் கீறி முடித்த மறுநாள் அதைத் "தாயே" ஆக்குங்கோ. இப்போது திரையில் உதடு மூடும், காதில் "யே" என்று நீளும். காரணம் கேட்டால் எதுகை என்று சொல்லுங்கோ. எதுகையை எதிர்த்து ஒருவரும் கதைக்கமாட்டார்கள்.

அது போதாதென்றால் வேகத்தைத் தொடுங்கோ. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒவ்வொரு தட்டும் சரியாக 12 பிரேமில் விழும். அனிமேட்டருக்குச் சொர்க்கம் அது. ஆறாவது பிரேமில் கால் மேலே, பன்னிரண்டில் கால் கீழே. அதை 128 ஆக்கினால் ஒரு தட்டுக்கு 11.25 பிரேம். கால் பிரேமை ஒருவராலும் கீற முடியாது. காட்சி போகப் போக இளவரசியின் கால் தாளத்தை விட்டுக் கழரும். பல்லவி முடிவதற்குள் அவள் வேறெதோ பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்பாள். இசையமைப்பாளர் "கொஞ்சம்தான் கூட்டினனான்" என்பார். உண்மைதான்.

7. வென்ற கதைகளை மட்டும் சொல்லுங்கோ

பிள்ளைகள் சோர்ந்து போகும்போது ஹாலிவுட்டைக் கொண்டு வாங்கோ. 2013 இல் வந்த 'ஃப்ரோஸன்' படத்தில் எல்ஸா முதலில் வில்லி. 'லெட் இட் கோ' பாட்டு வந்த பிறகு அவளை வில்லியாக வைத்திருக்க முடியாமல் கதையையே மாற்றி எழுதினார்கள். 1994 இன் 'லயன் கிங்'கில் காதல் பாட்டை டிமோனும் பும்பாவும் பகிடியாகப் பாடுவதாக இருந்தது. பாட்டுக்கு இசையமைத்த எல்டன் ஜான் அதைப் பார்த்து மறுத்தபடியால் திரும்பவும் காதலருக்குப் போனது. "பாத்தீங்களோ, டிஸ்னியே மாத்தினது" என்று முடியுங்கோ.

அந்த மாற்றங்களைத் தாங்கச் சம்பளம் வாங்கும் ஒரு பட்டாளம் இருந்தது, கதைச் சித்திரங்களை அடுக்கி ஓடவிட்டுப் பார்த்துத் திருத்துவதே அவர்களுக்கு ஒரு தனி வேலைக்கட்டம் என்ற விபரங்களுக்குள் போகாதேங்கோ. உங்கள் நாலு பேரில் ஒருவருக்கு உயர்தரப் பரீட்சை வருகிறது.

8. தோற்ற கதையைப் படியுங்கோ, ஒளித்து வையுங்கோ

இது உங்களுக்கு மட்டும். ரிச்சர்ட் வில்லியம்ஸ் என்று ஒரு மேதை லண்டனில் இருந்தார். 1964 இல் ஒரு படம் தொடங்கினார். பிற்காலத்தில் அதற்கு 'தீஃப் அண்ட் தி கொப்ளர்' என்று பெயர். முல்லா நஸ்ருதீன் கதைகளாகத் தொடங்கியது, உரிமைக்காரரோடு முறிந்த பிறகு திருடனும் செருப்புத் தைப்பவனும் நாயகரான வேறு கதையாக மாறியது. இரண்டு பேரும் பெரும்பாலும் வாய் திறக்கமாட்டார்கள். பாட்டுக் கிடையாது. விளம்பரப் படம் செய்து உழைத்த காசை அதிலே கொட்டினார். பெட்டி பூப்பைக் கீறிய கிரிம் நாட்விக், கென் ஹாரிஸ், ஆர்ட் பாபிட் என்று பழைய ஆசான்களைக் கூட்டிவந்து வேலை செய்வித்தார். மூவரும் படம் வெளிவர முன்னரே காலமானார்கள்.

1988 இல் வந்த 'ரோஜர் ராபிட்' வில்லியம்ஸுக்கு ஒஸ்கார் வாங்கிக் கொடுத்தது. வார்னர் நிறுவனம் காசோடு வந்தது. தவணை தப்பியது. 1992 மே மாதம், ஏறக்குறையக் கடைசிக் கால் மணி நேரப் படமே மிச்சமிருக்க, படம் முடியும் என்று உத்தரவாதம் கொடுத்த கொம்பனி படத்தை அவர் கையிலிருந்து பறித்தது. ஃப்ரெட் கால்வர்ட் என்பவரிடம் முடிக்கக் கொடுத்தார்கள்.

இனித்தான் பாடம். அதே ஆண்டு 'அலாதீன்' வந்து ஓடு ஓடென்று ஓடியது. ஆகவே பாட்டில்லாத இந்தப் படத்துக்கும் பாட்டுக்கள் வந்தன. ஊமை நாயகன் பேசினான், பாடவும் பாடினான். பாட்டுக்கு இடம் வேண்டுமல்லவா? ஆண்டுக்கணக்கில் கீறிய காட்சிகள் வெட்டுப்பட்டன. 1993 இல் அவுஸ்திரேலியாவில் வெளியானது. அதுவும் காணாதென்று 1995 இல் மிராமாக்ஸ் நிறுவனம் மேலும் வெட்டி, திருடனுக்கும் ஓயாத ஒரு மனக்குரல் கொடுத்து வெளியிட்டது. இத்தனை ஆண்டு பேசாமல் இருந்தவன் அன்றைக்கு முழுக்கப் பேசித் தீர்த்தான்.

நீங்கள் கவனிக்க வேண்டியது: வில்லியம்ஸின் கையில் ஸ்டோரிபோர்ட் ஒழுங்காக இருந்திருந்தால், தவணைகளை மதித்திருந்தால், யாரும் வந்து பாட்டுச் செருக வழி கிடைத்திராது. பாதி வேலையை அவரே செய்து கொடுத்தார். நீங்களும் முடிவில்லாமல் மெருகூட்டிக்கொண்டே இருங்கோ. கேணி நீரின் அலையை மட்டும் ஏழு மாதம் கீறுங்கோ. பிறகு பாட்டோடு வருகிறவருக்கு எதிராகச் சொல்ல உங்களிடம் ஒரு நியாயமும் இராது.

9. முழுதாகக் கீறிய பிறகு வெட்டுங்கோ

பாட்டுச் சேர்ப்பதோடு பயிற்சி முடிந்துவிடாது. 1937 இன் 'ஸ்னோ வைட்'டில் குள்ளர்கள் சூப் குடிக்கும் பாட்டை வார்ட் கிம்பல் மாதக்கணக்கில் பென்சிலால் அசைத்து முடித்தார், டிஸ்னி தூக்கிவிட்டார். 'கிங்டம் ஒஃப் தி சன்' என்ற படத்துக்கு ஸ்டிங் பாட்டுக்கள் எழுதினார்; படம் நடுவில் நின்று, வேறு கதையாகி, 2000 இல் 'எம்பரர்ஸ் நியூ குரூவ்' என்று வந்தபோது அவற்றில் பெரும்பாலானவை இல்லை. அந்தக் கூத்தை அவருடைய மனைவியே ஆவணப்படமாக எடுத்தார்.

நீங்கள் வெட்ட வேண்டியது மாமாவின் மகள் பாட்டை அல்ல, தெரியும்தானே. அதற்கு இடம் விட, கணக்குப் பார்க்கிற பிள்ளை தனியாகக் கீறிய கப்பல் காட்சியை வெட்டுங்கோ. படத்தில் திறமான காட்சி அதுதான்.

10. ரெண்டரைக் கடைசி வாரத்துக்கு விடுங்கோ

ரெண்டர் என்றால் கொம்பியூட்டர் ஒவ்வொரு பிரேமையும் முழுப்படமாக ஆக்கித் தருவது. ஒரு பிரேம் ரெண்டராகப் பத்து நிமிடம் என்று வையுங்கோ. 5,760 பிரேம், 57,600 நிமிடம், 960 மணித்தியாலம். ஒரு கொம்பியூட்டர் இரவு பகல் ஓடினால் நாற்பது நாள், ஒரு மண்டலத்துக்கு எட்டு நாள் குறைவு. வெளியீட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தொடங்குங்கோ.

கரண்ட் நிற்காது என்று நம்புங்கோ. 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எல்லாரும் மறந்ததுபோல நீங்களும் மறந்துவிடுங்கோ. பிரேமைத் தனித்தனிப் படமாகச் சேமித்தால் நின்ற இடத்திலிருந்து தொடரலாம். ஆகவே முழுப்பாட்டையும் ஒரே வீடியோக் கோப்பாக வெளியே எடுக்கச் சொல்லுங்கோ. 5,700 ஆவது பிரேமில் விசிறி நிற்கும். அந்த அமைதியில் பிள்ளைகள் உங்களைப் பார்ப்பார்கள். தேத்தண்ணி போடச் சொல்லுங்கோ.

11. வெளியீட்டுத் திகதியைத் தாராளமாகக் கொடுங்கோ

இதற்கு நம் மொழியிலேயே வழிகாட்டி உண்டு. 'சுல்தான் தி வாரியர்' என்று தொடங்கிய ரஜினி அனிமேஷன் படம் வெளிவரவே இல்லை. பிறகு 'கோச்சடையான்' வந்தது. சௌந்தர்யா இயக்கம், ஏ. ஆர். ரஹ்மான் இசை. 2012 இல் லண்டன் பைன்வுட்டில் நடிகர்களின் அசைவைப் பதிந்தார்கள். 2009 இல் மறைந்த நாகேஷையும் கொம்பியூட்டரில் எழுப்பினார்கள். 'மன்னன்' படத்துக்குப் பிறகு ரஜினியின் குரல் ஒரு பாட்டில் கேட்டது. மாற்றத்தைப் பற்றிய பாட்டு அது. திகதியும் மாறிக்கொண்டே இருந்தது: 2013 கடைசி என்றார்கள், பொங்கல் என்றார்கள், 2014 சித்திரை என்றார்கள், மே 9 என்று சொல்லித் தியேட்டர்கள் ஆயத்தமான பிறகும் தள்ளி, மே 23 இல் வந்து சேர்ந்தது.

அவர்களிடம் ரஜினி இருந்தார், சனம் காத்திருந்தது. உங்களிடம் இருப்பது குதிரை முகத்து இளவரசி. அவ்வளவு தள்ளினால் மறந்துவிடுவார்கள் என்று யாராவது சொன்னால், பாட்டை மட்டும் முதலில் யூடியூப்பில் விடுங்கோ. படமில்லாத பாட்டுக்குப் படம் வேண்டும். கேணிப் படியில் நிற்கும் ஒரே படத்தை நாலு நிமிடமும் வையுங்கோ. மாமா அதை நூறு குழுக்களுக்கு அனுப்புவார். "பாட்டே இப்பிடியெண்டால் படம் எப்பிடி இருக்கும்!" என்று கருத்துக்கள் வரும். அதில் பாதி உறவுக்காரர்.

12. பெயர் போடுங்கோ

மாமாவுக்குத் தனித் திரை. மகளுக்குத் தனித் திரை, படத்தோடு. வரி எழுதியவர், எதுகையை மாற்றியவர், மண்டபம் தந்தவர், ஒலிபெருக்கியை அரை மணித்தியாலம் நிறுத்திய கோயில்காரர், எல்லாருக்கும் நன்றி. கீறிய நாலு பேரும் "மற்றும் நண்பர்கள்" என்பதற்குள் அடங்குவார்கள். எழுத்து வேகமாக மேலே போகட்டும்.

கணக்குப் பார்க்கிற பிள்ளை வந்து கேட்டால் அன்பாகச் சொல்லுங்கோ: "தங்கச்சி, பாகம் இரண்டிலை உங்கட பேர்தான் முன்னுக்கு." மாமாவுக்கு ஒரு மகனும் இருக்கிறார். ராப் பாடுகிறவர். நிமிடத்துக்கு 140 தட்டு. அவளிடம் இப்போதைக்குச் சொல்லாதேங்கோ.